இருபது வள்ளத்து இண்டெக்ஸ்

வாய் தவறி வந்துவிட்டது என்று பிறகு சமாதானம் சொல்லவும் வழியில்லை. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, கரையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படியாகத்தான் பஸ்ரியாம்பிள்ளை அந்தப் பொய்யைச் சொன்னார்.

"என்ரை மகன் றொஜன் லண்டனிலை இண்டெக்ஸ் பியூச்சர்ஸ் வியாபாரம் செய்யிறான்."

மண்ணெண்ணெய்க் கானோடு வரிசையில் நின்ற பன்னிரண்டு பேரும் வாயைப் பிளந்தார்கள். கடற்றொழிலாளர் சங்கத் தலைவர் அம்புறோஸின் முகத்தில் அரை மணி நேரமாகக் குந்தியிருந்த நக்கல் சிரிப்பு எழும்பிப் போய்விட்டது. அதைப் பார்த்த சந்தோசத்தில், தான் சொன்னது பொய் என்பதே பஸ்ரியாம்பிள்ளைக்குக் கொஞ்ச நேரம் மறந்துபோனது.

எல்லாம் இரண்டு ரூபாயால் வந்த வினை. இரண்டாயிரத்து நாலாம் ஆண்டு ஆடி மாதம், ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் மெலிஞ்சிமுனைக் கரையில், சங்கத்து மண்ணெண்ணெய் லீற்றருக்கு இரண்டு ரூபாய் ஏறியிருந்தது. வள்ளத்து இயந்திரமெல்லாம் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஊர். எல்லாரும் சங்கத்தைத் திட்டிக்கொண்டு நிற்க, பஸ்ரியாம்பிள்ளை குறுக்கே விழுந்து, சங்கத்தில் பிழையில்லை, உலகச் சந்தையில் எண்ணெய் பீப்பாய் நாற்பது டொலரைத் தாண்டிவிட்டது, ஈராக்கில் குழாயை உடைக்கிறார்கள் என்று விளக்கம் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ரெலிபோனில் மகன் சொன்னதைத்தான் அப்படியே ஒப்புவித்தார்.

"உதெல்லாம் உமக்கு ஆர் சொன்னது?" என்றார் அம்புறோஸ்.

"என்ரை மகன்."

"ஓ, மகன். ஏழு வருசமா லண்டனிலை இருக்கிறான், என்ன வேலை எண்டு மட்டும் நீர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ரை மூத்தவன் கனடாவிலை மனேச்சர் எண்டு ஊருக்கே தெரியும். உம்மடை பெடியன் என்ன, கோப்பை கழுவுறானோ?"

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போதுதான் அந்தப் பொய் வந்தது. இண்டெக்ஸ் பியூச்சர்ஸ் என்ற பெயரையும் மகன்தான் ஞாயிற்றுக்கிழமை பேச்சோடு பேச்சாகச் சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு, பஸ்ரியாம்பிள்ளை எண்ணெய் வாங்காமலே வெறும் கானைத் தூக்கிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி வீட்டுக்கு நடந்தார்.

வீட்டில் எமிலி குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். விசயத்தைக் கேட்டதும் கத்தியைக் கீழே வைத்தாள்.

"உது என்ன வேலை?"

"வாற மாதம் சந்தை எப்பிடி இருக்குமெண்டு இண்டைக்கே யோசிச்சு, இண்டைக்கே விலை பேசி வைக்கிறது. ஏறினா வெற்றி. இறங்கினா நட்டம்."

"அப்ப சூதெல்லோ!"

பஸ்ரியாம்பிள்ளை பொத்தென்று கதிரையில் இருந்தார். யேசுவே! அது அவருக்குத் தோன்றவேயில்லை.

அவரைப்போலச் சூதை வெறுத்த மனிதன் இந்தத் தீவில் கிடையாது. அவருடைய தகப்பன் ஒரு மழை நாளில் காட்ஸ் விளையாடித் தன் வள்ளத்தைத் தோற்றவர். பத்து வயதுப் பஸ்ரியாம்பிள்ளை கரையில் நின்று, வேறொருவன் அந்த வள்ளத்தை வலித்துக்கொண்டு போவதைப் பார்த்தார். கரையில் காசு வைத்து விளையாடுகிறவன் கோவிலுக்கு மூன்று பெட்டி மெழுகுதிரி தண்டம் கட்டவேண்டும் என்று சங்கத்தில் விதி எழுதுவித்தவரும் அவர்தான். றொஜன் பதினைந்து வயதில் ஒரு ரூபாய்க் குத்தியை வைத்து முன்னூற்றிநாலு என்ற காட்ஸ் விளையாடியபோது, காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய், அந்தோனியார் சுருவத்தின் காலைத் தொட்டு இனிமேல் சூதாடமாட்டேன் என்று சத்தியம் பண்ணுவித்தார்.

எமிலி அலுமாரியைத் திறந்து, கலியாணச் சேலைக்கு அடியிலிருந்து ஒரு படத்தை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

றொஜன் அனுப்பிய படம். லண்டனில் ஒரு பெற்றோல் செட். சிவப்பு இயந்திரம் ஒன்றுக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேர்ட், நீல ரை, மினுங்குகிற சப்பாத்தோடு மகன் நிற்கிறான். கையில் பெற்றோல் குழாய். சாரைப்பாம்பைப் பிடித்தவன் மாதிரி உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்திருக்கிறான். படம் வந்த அன்றைக்கு, "லண்டனிலை பெற்றோல் அடிக்கிறதுக்கும் ரை கட்டவேணும் போலை" என்று பஸ்ரியாம்பிள்ளை பெருமூச்சு விட்டார். கணக்கில் அதிதிறமைச் சித்தி எடுத்த பெடியன்.

"பிள்ளை பாவம். பிடிக்கிற பிடியைப் பாருங்கோ, இன்னும் வேலை பழக்கமில்லை" என்று எமிலி அன்றைக்கும் சொன்னாள், இன்றைக்கும் சொன்னாள்.

பின்னேரம் பஸ்ரியாம்பிள்ளை சைக்கிளை மிதித்து ஊர்காவற்றுறைக் கடைத்தெருவில் இருந்த கொமினிக்கேசன் என்கிற ரெலிபோன் கடைக்குப் போனார். ரெலிபோனை ஒருமுறை அடிக்கவிட்டு வைத்தால் மகன் திருப்பி எடுப்பான். எடுத்தான்.

"தம்பி, ஒரு பிழை விட்டிட்டன். நீ இண்டெக்ஸ் பியூச்சர்ஸ் செய்யிறாய் எண்டு கரையிலை சொல்லிப்போட்டன்."

மறுபக்கம் ஒரே சத்தம். மகனுடைய சத்தமல்ல. பின்னால் பத்துப் பன்னிரண்டு ரெலிபோன் ஒரேயடியாக அலறியது, யாரோ கத்தினார்கள்.

"உங்களுக்கு… ஆர் சொன்னது, அப்பா?"

"நீதானே போன ஞாயிறு அந்தப் பேரைச் சொன்னனீ! அம்புறோஸ் கோப்பை கழுவுறியோ எண்டு கேட்டான். எனக்குப் பொறுக்கேல்லை. சரி, பின்னாலை என்ன சத்தம்?"

"கார், அப்பா. இண்டைக்குக் கார் கூட." மகன் தொண்டையைச் செருமினான். "அப்பா, அந்த வேலை சூதெண்டு உங்களுக்குப் படேல்லையோ?"

"படாமல் என்ன? உண்மையிலை நீ செய்திருந்தா லண்டனுக்கு வந்து உன்ரை காலை முறிச்சிருப்பன். பொய்க்குத்தானே செய்யிறாய், அதிலை என்ன பாவம்? நீ இப்ப எனக்கு அதைச் சொல்லித் தா. கரையிலை ஆரும் குறுக்குக் கேள்வி கேட்டா நான் முழிக்க ஏலாது."

மகன் பெருமூச்சு விட்டுவிட்டுச் சொல்லிக்கொடுத்தான். எப்படிச் சொல்லிக்கொடுத்தான் என்கிறீர்கள்! எண்ணெய் ஏறினால் விமானம், லொறி, பக்டரி எல்லாவற்றுக்கும் செலவு ஏறும். செலவு ஏறினால் லாபம் குறையும். லாபம் குறையப்போகிறது என்ற வாசம் பட்டவுடனேயே பியூச்சர்ஸ் விலை முந்திக்கொண்டு இறங்கும். பஸ்ரியாம்பிள்ளை சிகரெட் பெட்டியின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

"பெற்றோல் செட்டிலை நிண்டுகொண்டு இவ்வளவும் எப்பிடியடா தெரியும்?"

"ஆக்கள் விட்டிட்டுப் போற பேப்பரை வாசிக்கிறனான், அப்பா."

பிள்ளையின் கெட்டித்தனத்தை நினைத்து, சைக்கிள் மிதிக்கும்போது கண் கலங்கி, கரம்பொன் ஊரடியில் ஒரு ஆட்டை இடிக்கப் பார்த்தார்.

அடுத்த நாள் காலையில் வலை சிக்கெடுக்கிற இடத்தில் கூட்டம் கூடியிருந்தது. இண்டெக்ஸ் என்றால் என்ன என்று கேட்டார்கள். பஸ்ரியாம்பிள்ளை கரையைக் கையால் சுற்றிக் காட்டினார்.

"இஞ்சை இருபது வள்ளம் நிக்குது. ஒண்டுக்கு இண்டைக்கு நல்ல மீன்பாடு, மற்றதுக்கு வெறுங்கை. தனித்தனியாப் பாத்தா ஒண்டும் விளங்காது. இருபது வள்ளத்தின்ரை மீன்பாட்டையும் ஒரு குவியலாப் போட்டு, கரை முழுக்க இண்டைக்கு எப்பிடி எண்டு ஒரு எண் சொல்லு. அதுதான் இண்டெக்ஸ்."

"பியூச்சர்ஸ்?"

"வாற மாதம் அந்தக் குவியல் எவ்வளவு வருமெண்டு இண்டைக்கே விலை பேசுறது. இப்ப பார், மண்ணெண்ணெய் ஏறிப்போச்சு. நீ தொலைக்குப் போவியோ?"

"மாட்டன்."

"அப்ப வாற மாதம் மீன் குறையும். அதை இண்டைக்கே கண்டுபிடிச்சு, விலை இறங்க முதல் விக்கிறவன்தான் என்ரை மகன்."

கரை கைதட்டியது. மெய்யாகவே தட்டியது. பெட்டியோடு நின்ற மீன்காரி இராசமணி மட்டும் தட்டவில்லை.

"அண்ணை, எனக்கொரு சந்தேகம். மண்ணெண்ணெய் விக்கிறவனும் ஒரு வள்ளம் வைச்சு அந்த இருபதுக்கை நிண்டா? எண்ணெய் ஏற அவனுக்கு லாபமெல்லோ? அப்ப குவியல் இறங்குமோ, ஏறுமோ?"

சிகரெட் பெட்டியில் அது இல்லை. பஸ்ரியாம்பிள்ளை கடலைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், "அது பெரிய பாடம், பின்னேரம் சொல்லுறன்" என்று சைக்கிளை எடுத்தார்.

"ஆர் அப்பா இதைக் கேட்டது?" ரெலிபோனில் றொஜன் துள்ளாத குறை. "எண்ணெய்க் கொம்பனியளும் இண்டெக்ஸுக்கை இருக்குது தான். அதாலை லண்டன் சந்தை மற்றச் சந்தையள் மாதிரிப் பொத்தெண்டு விழாது. இஞ்சை எங்கடை… இஞ்சை பெரிய படிப்புப் படிச்சு வாறவைக்கே இது உடனை பிடிபடாது!"

"மீன் விக்கிறவள், இராசமணி."

"அவவை விட்டிடாதேங்கோ, அப்பா."

இராசமணிக்கு விடை கிடைத்தது. ஆனால் அம்புறோஸுக்கு நித்திரை கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் சங்கக் கூட்டத்தில் விதிப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பினார்.

"நாளைக்கு வாற விலைக்கு இண்டைக்கே காசு வைக்கிறது என்ன? சூது! இந்த விதியை எழுதுவிச்சவர் ஆர்? பஸ்ரியாம்பிள்ளை! இப்ப சூதாடிற மகனைச் சொல்லிப் பெருமை அடிக்கிறவர் ஆர்? அதே பஸ்ரியாம்பிள்ளை! மூண்டு பெட்டி மெழுகுதிரி வையும்."

கூட்டம் பஸ்ரியாம்பிள்ளையைப் பார்த்தது. பொய் என்று ஒப்புக்கொண்டால் மானம் போகும். ஒப்புக்கொள்ளாவிட்டால் அவர் எழுதுவித்த விதியே அவர் கழுத்தைப் பிடிக்கும். தகப்பனின் வள்ளம் ஒருகணம் கண்ணுக்குள் வந்து போனது. அடுத்த கணம் வந்தது அம்புறோஸின் மாமரம்.

"தலைவர், நீர் வருசா வருசம் நாரந்தனையிலை மாமரம் குத்தகைக்கு எடுக்கிறனீரெல்லோ?"

"ஓம், அதுக்கென்ன?"

"எப்ப விலை பேசுறனீர்? காய் பிடுங்கேக்கையோ?"

"பூப்பூக்கேக்கை."

"பூவைப் பாத்து மாங்காய்க்கு விலை! காத்தடிச்சுப் பூக் கொட்டினா உமக்கு நட்டம், தோட்டக்காரனுக்குக் கவலையில்லை. நல்லாக் காய்ச்சா உமக்கு லாபம், அவனுக்குப் பேசின காசு. அதாவது அவன்ரை பயத்தை நீர் வாங்கிறீர். அது சூதோ?"

அம்புறோஸ் விதிப் புத்தகத்தை மூடினார்.

"காட்ஸிலை ஒருத்தன் வெல்ல மற்றவன் வீட்டை பட்டினி. அது சூது! இது நாளைய பயத்தை இண்டைக்கே பங்கு போடுறது. இது தொழில். சூதெண்டு சொல்லுறவன் முதல்லை அந்த மாமரத்துக்கு மெழுகுதிரி வைக்கட்டும்!"

கூரை அதிரச் சிரிப்பு. கூட்டக் குறிப்பில் செயலாளர் அதை எழுதியே விட்டார்: "பியூச்சர்ஸ் சூதல்ல எனத் திரு. பஸ்ரியாம்பிள்ளை விளக்கினார். சபை ஏற்றுக்கொண்டது." பின்னேரம் ரெலிபோனில் இதைச் சொன்னபோது மகன் இரண்டாம் தரமும் சொல்லச் சொல்லிக் கேட்டான்.

"அதை நீங்கள் மனசாரச் சொன்னியளோ, அப்பா?"

"சொல்லேக்கை பொய்யாத்தான் தொடங்கினன். முடிக்கேக்கை மெய்யாத்தான் கிடந்தது."

"சரி, அப்பா" என்றான் மகன். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. லண்டன் குளிர், என்று இவர் நினைத்துக்கொண்டார். ஆடி மாதத்தில் லண்டனில் என்ன குளிர் என்று அவர் யோசிக்கவில்லை.

வெற்றி என்ற சாமானுக்கு ஒரு குணம் உண்டு. சும்மா இருக்கவிடாது. மண்ணெண்ணெய் இன்னும் ஏறுமா, பத்துப் பீப்பாய் இப்போதே வாங்கி வைக்கலாமா என்று சங்கம் அவரைக் கேட்டது. மகனைக் கேட்டார். "நிச்சயமா ஒருத்தருக்கும் தெரியாது, அப்பா. தெரியுமெண்டு சொல்லுறவன்தான் சூதாடி. பாதியை இப்ப வாங்குங்கோ, பாதிக்குப் பொறுங்கோ" என்றான். ஐந்து பீப்பாய் வாங்கினார்கள். ஆவணி பிறக்க விலை மறுபடி ஏறியது.

"பத்தும் வாங்கியிருந்தா?" என்றார் அம்புறோஸ்.

"இறங்கியிருந்தா?" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

அவ்வளவுதான். அனலைதீவிலிருந்து நாலு பேர் வள்ளம் பிடித்து ஆலோசனை கேட்க வந்தார்கள். சுருவிலில் புகையிலை வாங்குகிறவர் சைக்கிளை நிறுத்தி, "அண்ணை, இண்டைக்குப் பீப்பாய் என்ன மாதிரி?" என்று கேட்டார். நேவிச் சாவடியில் நிற்கிற சிங்களப் பெடியன்கூட "லண்டன் ஐயா" என்று சிரித்தான். பஸ்ரியாம்பிள்ளையின் சைக்கிள் மணிக்குக்கூட ஒரு புதுச் சத்தம் வந்துவிட்டது.

எமிலிதான் ஒரு மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்.

"இப்ப உங்கடை பியூச்சர் மகனுக்குத்தான் இந்த வீட்டிலை மரியாதை. பெற்றோல் குழாய் பிடிக்கிறவனுக்கு ஆர் இருக்கினம்? அவன்ரை படம் சேலைக்குக் கீழை கிடக்குது."

அவருக்கு அந்தச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாளே அம்புறோஸ் முகமெல்லாம் பல்லாகக் கரைக்கு வந்தார்.

"பஸ்ரியாம்பிள்ளை, நல்ல செய்தி! என்ரை பெறாமகள், தம்பின்ரை பிள்ளை நிலக்சனா மாதா பெருநாளுக்கு லண்டனிலையிருந்து வாறாள். அவளுக்கும் உம்மடை மகன்ரை மாதிரிச் சந்தைக் கந்தோரிலை தான் வேலையாம். அந்த வட்டாரத்திலை தமிழாக்கள் நாலைஞ்சு பேர்தானாம். ஆளையாள் தெரியாமல் இராதாம்."

"வரட்டும், வரட்டும்" என்றார் பஸ்ரியாம்பிள்ளை.

கொமினிக்கேசனுக்கு ஓடினார். ரெலிபோன் பழுது. அடுத்த நாளும் பழுது. பெருநாள் அன்று பூசைக்குப் போகாவிட்டால் அவளைச் சந்திக்காமல் தப்பலாம் என்று கணக்குப் போட்டு, போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்தார்.

"காய்ச்சலெண்டு சொல்லு" என்றார் எமிலியிடம்.

"பெருநாளிலை பொய் சொல்ல என்னாலை ஏலாது."

"அப்ப ஒண்டும் சொல்லாதை."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் வினையாகப் போனது. முப்பது வருசத்தில் ஒரு பெருநாள் பூசையையும் தவறவிடாத மனிதன் வரவில்லை, பெண்சாதி வாயே திறக்கிறாள் இல்லை என்றால் ஊர் என்ன நினைக்கும்? படுக்கையில் விழுந்துவிட்டார் என்றுதான்! பூசை முடிய முழுக் கரையும் சோடாப் போத்தலும் நெஸ்ரமோல்ற் மாப் பேணியும் தூக்கிக்கொண்டு பஸ்ரியாம்பிள்ளையின் முற்றத்துக்கு வந்துவிட்டது. முன்னுக்கு அம்புறோஸ். அவருக்குப் பக்கத்தில், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு இளம் பெண்.

போர்வைக்குள் இருந்தபடி பஸ்ரியாம்பிள்ளை யன்னல் வழியாகப் பார்த்தார். கோவிலில் ஒரு மூலையில் பத்துப் பேருக்கு நடுவில் நடக்கவிருந்தது இப்போது அவர் வீட்டு வாசலில் நூறு பேருக்கு நடுவில் நடக்கப்போகிறது. மாதாவே, இனி ஓட இடமில்லை.

எழும்பினார். சேர்ட்டைப் போட்டார். அலுமாரியைத் திறந்து, கலியாணச் சேலைக்கு அடியில் கையை விட்டார். எமிலி பார்த்துக்கொண்டு நின்றாள். கலைந்திருந்த அவருடைய தலைமயிரைக் கையால் தடவி விட்டாள்.

வாசலுக்கு வந்ததும் அம்புறோஸ் குரலை உயர்த்தினார். "வாரும், வாரும்! பிள்ளை நிலக்சனா, இவர்தான் றொஜன்ரை தகப்பன். சொல்லு, உங்கடை சந்தையிலை இவற்றை மகனைத் தெரியுமோ?"

"றொஜன் அண்ணையோ?" என்று அந்தப் பிள்ளை கண்ணாடியைக் கழற்றினாள். "அவர்…"

"பொறு, பிள்ளை!" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. "நீ சொல்லக்கூடாது. நான்தான் சொல்லவேணும்."



"நான் உங்கள் எல்லாருக்கும் பொய் சொன்னனான். என்ரை மகன் இண்டெக்ஸுமில்லை, பியூச்சர்ஸுமில்லை. பெற்றோல் செட்டிலை நிக்கிறான். கோப்பை கழுவுறானோ எண்டு கேட்டவுடனை எனக்கு ரோசம் வந்திட்டுது. மீன் செதிளோடை நிக்கிற நான், எண்ணெய்க் கையோடை நிக்கிற பிள்ளையைச் சொல்ல வெக்கப்பட்டனான். அதுக்குத்தான் இப்ப வெக்கப்படுறன்."

 அவர் அதோடு விடவில்லை.

"உங்களுக்குச் சொன்ன பாடமெல்லாம் அவன் சொன்னது. ஆக்கள் எறிஞ்சிட்டுப் போற பேப்பரை வாசிச்சு, கார் வாற இடைவெளியிலை யோசிச்சு, அவ்வளவு அறிவையும் தேடிவைச்சிருக்கிறான். அந்த அஞ்சு பீப்பாயும் அவன்ரை புத்தி. பதினைஞ்சு வயசிலை அந்தோனியாற்றை காலிலை பண்ணின சத்தியத்தை இண்டைக்கும் மீறாத பிள்ளை. இந்தத் தீவிலை என்னைப்போலை பெருமைப்படக்கூடிய தகப்பன் ஒருத்தனும் இல்லை. இந்தாங்கோ, பாருங்கோ!"

படத்தை உயர்த்திக் காட்டினார். பொய்யைச் சொன்ன அன்றைக்கு நிமிர்ந்ததைவிட நெஞ்சு இன்னும் ஒரு சாண் கூட நிமிர்ந்து நின்றது.

யாரும் சிரிக்கவில்லை. அம்புறோஸ்தான் முதலில் அசைந்தார். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு மெல்ல, "என்ரை மூத்தவன்…" என்று தொடங்கி இருமினார். "கனடாவிலை ஒரு மனேச்சர் இருக்கிறான் எண்டது உண்மை. என்ரை மூத்தவன் அவனிட்டைத்தான் கோப்பை கழுவுறான்."

"அறுவானே!" என்றார் பஸ்ரியாம்பிள்ளை. அடுத்த நிமிடம் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கண்ணீர் வரச் சிரித்தார்கள். சோடாப் போத்தல்கள் திறபட்டன. எமிலி குசினிக்குள் போய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

படம் கைமாறிக் கைமாறி முற்றம் முழுக்கச் சுற்றியது. "ரை வடிவாயிருக்கு" என்றார் ஒருவர். "சப்பாத்திலை ஒரு துளி எண்ணெயில்லை, கெட்டிக்காரன்" என்றார் இன்னொருவர். இராசமணி மட்டும் படத்தைக் கிட்டப் பிடித்து, தள்ளிப் பிடித்து, "குழாயைப் பிடிக்கிற பிடி சரியில்லையே" என்றபடி நிலக்சனாவின் கையில் கொடுத்தாள்.

அதுவரை ஒன்றும் விளங்காமல் முழித்துக்கொண்டு நின்ற அந்தப் பிள்ளை படத்தைப் பார்த்தாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு படியில் குந்தினாள்.

"ஐயோ மாமா, இந்தப் படத்தை எடுத்ததே நான்தான்! லண்டனிலை பெற்றோலைக் கார்க்காரரே இறங்கி அடிக்கிறவை. எங்கடை பியூச்சர்ஸ் கந்தோருக்கே பெரியவர் றொஜன் அண்ணைதான் மத்தியானச் சாப்பாட்டு நேரத்திலை ரையோடை ஓடிப்போய், 'நான் செய்யிற வேலை தெரிஞ்சா அப்பா வந்து காலை முறிப்பார், இந்தக் குழாயோடை கெதியா ஒரு படம் எடு' எண்டு நிண்டவர்."